முன் சக்கரத்தில் சத்தம், அவசரம்

வண்டிக்காரன்:
கார் ஓட்டும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு மாதிரி சத்தம் வருகிறது. முதலில் லேசாகத்தான் இருந்தது, இப்போது உள்ளே பேசுவதே சரியாகக் கேட்பதில்லை. வார இறுதியில் குடும்பத்தோடு நீண்ட தூரம் போக வேண்டியிருக்கிறது. எதை மாற்றினால் போகும் என்று சீக்கிரம் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை:
என்ன வண்டி? எவ்வளவு ஓடியிருக்கிறது? பிரேக் பிடித்தால் வருகிறதா, வளைவில் வருகிறதா, நேராகப் போகும்போதே வருகிறதா? "ஒரு மாதிரி" என்றால் உர்ர் என்றா, டக் டக் என்றா, கிரீச் என்றா?

நான்காம்கியர்:
சிவி ஜாயின்ட்தான், எஞ்சின் விசையை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு. ஆளில்லாத இடத்தில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டம் அடியுங்கள். டக் டக் டக் என்று கேட்டால் வெளிப்பக்க ஜாயின்ட் போய்விட்டது. சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள், ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கும்.

கிரீஸ்கை:
முன்னால் சத்தம் என்றால் நான் முதலில் பார்ப்பது பிரேக்கைத்தான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்தால் அதிலிருக்கும் சிறு தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இரும்போடு இரும்பு அரைக்கும். பேடில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பேட் நன்றாக இருந்தால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரத்தைப் பாருங்கள். அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சிறு கல் மாட்டினாலே வண்டியே உடைந்துவிட்டது போலச் சத்தம் வரும்.

திருகுசாவி:
கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. இங்கே பலமுறை சொல்லியாயிற்று: வேகம், வளைவு, பிரேக், கியர் நான்கையும் எழுதாமல் சத்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். விவரம் தெரியாமலே ஜாயின்ட், பேட் என்று பதில் சொல்பவர்களும் கொஞ்சம் பொறுக்கலாம்.

வண்டிக்காரன்:
ஹேட்ச்பேக், பெட்ரோல், மேனுவல். உர்ர்ர் என்று 40-க்கு மேல் ஆரம்பிக்கிறது, வேகம் கூடக் கூட ஏறுகிறது. பிரேக் பிடித்தால் மாற்றமில்லை. வட்டம் அடித்தும் பார்த்தேன், டக் டக் இல்லை.

நெடுஞ்சாலை:
நியூட்ரலில் விட்டால் சத்தம் குறைகிறதா? ஏறக்குறைய நேரான, காலியான சாலையில் பாருங்கள். எஞ்சின் சுற்று இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் எஞ்சின் பக்கம் தேட வேண்டாம், சுழலும் சக்கரத்தோடு சேர்ந்த ஏதோ ஒன்று. எனக்கு டயர் மேல்தான் சந்தேகம். உள்ளங்கையை டயரின் மேல் சுற்றுவாட்டில் இரு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போலக் குத்தினால், அந்த டயர், கெட்டுப்போன பேரிங் (சக்கரம் சுலபமாகச் சுழல உதவும் குண்டு வளையம்) மாதிரியே உறுமும். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் பின்னால் போனால் விடை கிடைத்துவிட்டது.

நான்காம்கியர்:
சரி, ஜாயின்ட் இல்லை என்றால் பேரிங். வலது பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால் வலது பேரிங், இடது பக்கம் என்றால் இடது.

திருகுசாவி:
நேர் தலைகீழ். இதெல்லாம் அடிப்படை. வண்டி வலது பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தில் விழுகிறது. அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங், இடது வளைவில் கூடினால் வலது. நீங்கள் சொன்னபடி செய்தால் நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, கெட்டதோடு ஊருக்குப் போவார்.

நான்காம்கியர்:
பாரம் பற்றி நீங்கள் சொல்வது சரி. சொல்லும் விதம்தான் சரியில்லை.

பட்டறைப்பையன்:
சண்டை இருக்கட்டும். வண்டிக்காரன், வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பில் எந்தப் பாகத்தையும் வண்டிக்கு அடியில் நீட்டாதீர்கள்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்கார வைத்துப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் பாகங்களை இணைக்கும் மூட்டு) போன்ற வேறு ஏதோ. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டை, அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையைப் பாருங்கள்.

அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங் போயிருந்தால் ஸ்பிரிங்கில் கரகரவென்ற அதிர்வு கைக்குத் தெரியும். இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள். ஆட்டமே இல்லாமல் உறுமும் பேரிங்கும் உண்டு, அதனால் ஆட்டம் இல்லை என்று நிம்மதியாகிவிட வேண்டாம்.

கிரீஸ்கை:
சக்கரத்தை இறக்கியதும் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக முறுக்குங்கள். 80, 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சரிபாருங்கள். நட்டு தளர்ந்தாலும் முன்னால் சத்தம் வரும், அதைவிட ஆபத்தான சத்தம் கிடையாது.

நெடுஞ்சாலை:
பேரிங் என்று உறுதியானால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒரே தூரம் ஓடியவைதானே, ஒன்று போனால் மற்றது பின்னாலேயே வரும்.

திருகுசாவி:
இதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. பேட், டிஸ்க்கை ஜோடியாக மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பேரிங்குக்கு அந்தக் கணக்கு இல்லை. நல்ல பேரிங்கைத் தொடாமல் விடுவதுதான் நல்லது.

நெடுஞ்சாலை:
நீண்ட பயணத்தின் நடுவே மற்றது போனால் நீங்கள் வந்து மாற்றித் தருவீர்களா? குடும்பத்தோடு போகிறவருக்கு மனநிம்மதியும் முக்கியம்.

பட்டறைப்பையன்:
இதில் நான் திருகுசாவி பக்கம். பேரிங் திடீரென்று போவது அரிது, முன்கூட்டியே உறுமிச் சொல்லும். அழுத்தி ஏற்றும் வகை பேரிங்காக இருந்தால், பொருத்தும் கைதான் பெரிய விஷயம். நக்கிளில் (பேரிங் உட்காரும் பாகம்) ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் விசை உள்ளிருக்கும் குண்டுகள் வழியாகப் போய், அவை உருளும் தடத்தில் பள்ளம் விழும். புதுப் பேரிங்கே சீக்கிரம் உறும ஆரம்பித்துவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஆக்சில் நட்டைக் கம்பெனி சொன்ன அளவில் டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள்.

நான்காம்கியர்:
வண்டிக்காரன், எந்தப் பக்கம் வளையும்போது கூடுகிறது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே?

வண்டிக்காரன்:
வலது வளைவில்தான். இடது பேரிங், ஸ்பிரிங்கில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. பட்டறையில் மாற்றியாயிற்று, சத்தம் சுத்தமாக இல்லை. எல்லோருக்கும் நன்றி. ஆனால் இப்போது டேஷ்போர்டில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. இப்படியே போகலாமா?

திருகுசாவி:
போக வேண்டாம். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் அவசரத்தில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கூடவே சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பட்டறைப்பையன்:
முதலில் அந்தச் சக்கரம் சுற்றுவதை ஏபிஎஸ்ஸுக்குச் சொல்லும் சென்சாரின் பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஒயர் இழுபட்டிருக்கிறதா, சென்சார் முனையில் அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியாக இருந்தால் பேரிங் உள்பக்கம் வெளிப்பக்கமாக மாறி ஏற்றப்பட்டிருக்கலாம். பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கத்து சீலில்தான் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். கண்ணால் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். மாறி ஏற்றினால் சத்தம் வராது, வண்டியும் நன்றாக ஓடும், ஆனால் சென்சாருக்குச் சக்கரம் சுற்றுவதே தெரியாது. ஏற்றிய பேரிங்கைக் கழற்றினால் பெரும்பாலும் அது கெட்டுவிடும், திருப்பிப் போட முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். அதனால் பிளக்கைப் பார்க்காமல் கழற்ற விடாதீர்கள். ஸ்கேனர் இருந்தால் எந்தச் சக்கரம் என்று காட்டிவிடும்.

நெடுஞ்சாலை:
ஸ்கேன் செய்தீர்களா? எந்தச் சக்கரம் காட்டுகிறது?

கிரீஸ்கை:
கிளம்பிவிட்டாரோ? வண்டிக்காரன், இதைப் பார்த்தால் ஒரு வரி போடுங்கள்.