[கலைச்சொல்] பிபிஎஃப், ஸ்டோன் சிப்: படலமா, காப்பா, சட்டையா?

வணக்கம் நண்பர்களே.

கார் பானெட்டில் ஜல்லி பட்டுப் பெயிண்ட் பெயர்வதற்கும் (ஸ்டோன் சிப்), அதைத் தடுக்க மேலே ஒட்டப்படும் கண்ணாடிபோல் தெளிந்த தாளான பிபிஎஃப்புக்கும் (பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) சொல் வேண்டும். 'வண்ணப்பூச்சுப் பாதுகாப்புப் படலம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதன் நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். 'பாதுகாப்பு' என்ற சொல் எதையும் பிரித்துக் காட்டவில்லை என்பதுதான் சிக்கல். கடையில் பெயிண்ட் பாதுகாப்பு என்று கேட்டால் மெழுகு, செராமிக் கோட்டிங் (திரவமாகப் பூசி இறுகவிடும் மெல்லிய பூச்சு), பிபிஎஃப் மூன்றையும் ஒரே பெயரில் காட்டுகிறார்கள். ஜல்லிக்குப் பயந்து வந்தவர் செராமிக் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்.

கனத்தைப் பாருங்கள். ஆலையில் அடித்த பெயிண்ட், அடிப்பூச்சு முதல் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். செராமிக் பூச்சு ஓரிரு மைக்ரான்தான். பிபிஎஃப் மட்டும் 150 முதல் 200 மைக்ரான், அதாவது கீழே உள்ள மொத்தப் பெயிண்டைவிடவும் கனம். 5 கிராம் கல் ஒன்று 60 கி.மீ. வேகத்தில் வரும் பானெட்டில் மோதினால் அடி ஏறத்தாழ 0.7 ஜூல், 100 கி.மீ. வேகத்தில் 1.9 ஜூல். ஓரிரு மைக்ரான் கண்ணாடித்தன்மை உள்ள பூச்சு இதை எங்கே வாங்கிக்கொள்ளும்? அது தண்ணீரை உருட்டிவிடும், தூசி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். அதோடு அதன் வேலை முடிந்தது.

இந்த வேறுபாடு பெயரிலேயே தெரியும்படி சொல் ஆக்க முடியுமா?

கோவையிலிருந்து

*

> இந்த வேறுபாடு பெயரிலேயே தெரியும்படி

முடியும். வழக்கில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம். சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு என்கிறோம். மேனியில் குழைத்துப் பூசி, அதோடு ஒன்றியிருப்பது காப்பு. செராமிக்குக்கு 'பீங்கான் காப்பு' பொருந்தும்.

பிபிஎஃப் அப்படி இல்லை. தனித்தாளாக வருகிறது, உடம்பைப் பிடித்தபடி கிடக்கிறது, காலம் முடிந்ததும் முழுசாக உரிந்து வருகிறது. பாம்புச் சட்டை போல மெலிந்து, உள்ளே இருப்பது தெரியும்படி இருக்கிறது. எனவே 'சட்டை' என்று முன்மொழிகிறேன். 'வண்ணச்சட்டை' மட்டும் வேண்டாம், துணிக்கடைச் சொல்லாகிவிடும். இடிதாங்கி, சுமைதாங்கி வழியில் 'கல்தாங்கி' என்று முன்னொட்டுக் கொடுத்தால் 'கல்தாங்கிச் சட்டை'. கல்லைத் தாங்காத எதற்கும் இந்த முன்னொட்டைக் கொடுக்கக் கூடாது.

மதுரையிலிருந்து

*

வணக்கம். இரண்டு திருத்தம்.

முதலாவது, பூசுவது எதுவும் கல்லைத் தாங்காது என்று எழுதிவிட வேண்டாம். கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பகுதியில் பல கார்களுக்கு ரப்பர் போன்ற ஒரு பூச்சைத் தொழிற்சாலையிலேயே அடித்து விடுகிறார்கள். தொட்டால் தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். சில்லுகள் தெறிக்கிற இடத்தில் அது நன்றாகவே நிற்கிறது, ஏனெனில் அது கனமும் மென்மையும் கொண்டது. பொனற்றில் அதை அடிக்காததற்குக் காரணம் அந்தச் சொரசொரப்புத்தான். ஆகவே 'கல்தாங்கிப் பூச்சு' என்ற சொல்லும் வேண்டும். முன்பாதி வேலையைச் சொல்லட்டும், பின்பாதி வடிவத்தைச் சொல்லட்டும். அப்படிப் பார்த்தால் மதுரை நண்பரின் முன்னொட்டு நன்றாக வேலை செய்கிறது.

இரண்டாவது, ஸ்டோன் சிப் என்பதற்குக் 'கல்சில்லு' என்று எங்கோ பார்த்தேன். அது கல்லின் சில்லு என்றாகிறது. பெயர்ந்தது பெயின்ற் அல்லவா? அம்மி கொத்தியபின் கல்லின் முகத்தில் நிற்கிற சிறு குழிகளைப் பாருங்கள், பொனற்றின் முன்விளிம்பு அப்படியே இருக்கும். 'கல்கொத்து' என்று வைக்கலாம். அம்மி பொளிதல் என்றும் சொல்வதால் 'கல்பொளி' இன்னும் சுருக்கமானது, ஆனால் இளையவர்களுக்கு விளங்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து

*

> 'கல்கொத்து' என்று வைக்கலாம்

வழிமொழிகிறேன். ஆனால் பட்டறையில் ஒரே சொல் போதாது, மூன்று நிலை இருக்கிறது. கல் வந்து மோதுவது கல்தெறிப்பு. மோதிய இடத்தில் நிற்கும் குழி கல்கொத்து. குழியின் ஓரத்திலிருந்து பெயிண்ட் உலோகத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு பரவுவது 'பொக்கு'. சுவர்ப் பூச்சுக்குச் சொல்லும் அதே பொக்குதான்.

இதைப் பிரிக்காமல் விட்டால் வேலை கெடும். எஸ்ஏஇ ஜே400 என்ற சோதனையில் தகட்டின் மேல் காற்றழுத்தத்தால் ஜல்லியை வீசி, தளர்ந்த சில்லுகளை ஒட்டுநாடாவால் எடுத்துவிட்டு, குழிகளை எண்ணுவார்கள். 1 மி.மீ.க்கு உட்பட்டது, 1 முதல் 3, 3 முதல் 6, அதற்கு மேல் என்று அளவு பிரிப்பார்கள். அதோடு எந்த அடுக்குக்கும் எந்த அடுக்குக்கும் நடுவில் பிரிந்தது என்றும் குறிப்பார்கள். நமக்கும் அந்தக் கேள்விதான் முக்கியம். நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டவில்லை என்றால் கிளியர் கோட்டோடு நின்றது, பாலிஷில் போகலாம். குழிக்குள் சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் பிரைமர் எனும் அடிப்பூச்சு: டச்-அப், அதாவது குழிக்கு மட்டும் நிறம் வைப்பது போதும். உலோகம் மின்னினாலோ பழுப்பு தெரிந்தாலோ துருவைச் சுரண்டாமல் மேலே எதுவும் வைக்கக் கூடாது. வைத்தால் உள்ளே துரு ஓடி, சில மாதத்தில் பொக்காக எழும்பும். அலுமினிய பானெட்டில் பழுப்புக்குப் பதில் வெள்ளைப் பொடியும் கொப்புளமும் வரும்.

டச்-அப்பில் எல்லோரும் செய்யும் தவறு, ஒரே சொட்டில் குழியை நிரப்பப் பார்ப்பது. மேல்பக்கம் தோல் கட்டிவிடும், அடியில் கரைப்பான் மாட்டிக்கொள்ளும், பிறகு சுருங்கிப் பள்ளம் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலோகம் தெரிந்த இடத்துக்கு எபாக்ஸி பிரைமர் வைத்து, பல்குத்தும் குச்சி முனையால் நிறத்தை மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு வைக்க வேண்டும். கிளியர் கோட் சற்றே மேடாக நிற்கட்டும். அது நன்றாக இறுகிய பிறகு 2000, 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துச் சமன் செய்து காம்பவுண்ட் (மெருகுப் பசை) போடுங்கள். நிறக் குறியீடு பல கார்களில் கதவுத் தூண் ஒட்டியில் இருக்கும்.

சென்னையிலிருந்து

*

வணக்கம். குளிர்காலத்தில் வீதிக்கு உப்பும் மணலும் போடும் ஊரிலிருந்து எழுதுகிறேன். இங்கே முன்பு 'கார் பிரா' என்று கறுப்பு வைனில் உறை ஒன்றை முன்பக்கம் மாட்டுவார்கள். அதற்கும் பிபிஎஃப்புக்கும் ஒரே சொல் வேண்டாம். அது 'முகப்புறை'. ஒட்டாமல் தொங்குவதால் இடையில் ஈரமும் மண்ணும் புகுந்து, காற்றில் படபடத்து, பெயின்றை உரசிக் கெடுத்தது. 'உறை' என்றால் கழற்றி மாட்டுவது, 'சட்டை' என்றால் ஒட்டியிருப்பது என்று வரையறை எழுத வேண்டும்.

சட்டை ஒட்டும் வேலையில் சொற்கள் தேவைப்படுகிற இடங்கள் சில. முதலில் கழுவி, களிக்கட்டியால் (கிளே பார்) தேய்த்து, ஒட்டியிருக்கும் இரும்புத் துகளையும் தாரையும் எடுக்கவேண்டும். ஒரு மணல் மிஞ்சினாலும் உள்ளே மருப்போலத் தெரியும். பிறகு இரண்டு நீர் கைவசம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் சில துளி குழந்தை ஷாம்பூ கலந்தது வழுக்கு நீர், சட்டையை நகர்த்தி இடம் பார்க்க. தண்ணீரில் பத்து முதல் இருபத்தைந்து வீதம் ஐசோபுரொப்பைல் கலந்தது பிடி நீர், விளிம்பைப் பிடிக்கவைக்க. இழுப்பானால் (ஸ்குவீஜி) அடியில் உள்ள நீரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவார்கள். சிறு நீர்க்குமிழி நாட்கணக்கில் தானே வற்றிவிடும், காற்றுக்குமிழி வற்றாது. அதிகமாக இழுத்து ஒட்டினால் பின்னர் அது சுருங்க முயன்று விளிம்பில் தூக்கும். இதை 'விளிம்பெழல்' என்று குறிக்கலாம். பிரஷர் வாஷரை விளிம்புக்கு 30 செ.மீ.க்கு உள்ளே கொண்டுபோனாலும் இதே கதிதான்.

வெட்டும் முறைக்கும் இரு சொல். கணினி அச்சில் முன்பே வெட்டி வருவது 'முன்வெட்டு'. காரின் மேல் வைத்து பிளேடால் வெட்டுவது 'மேல்வெட்டு'. மேல்வெட்டில் கை அழுத்தினால் கிளியர் கோட்டும் சேர்ந்து வெட்டுப்படும், வெட்டு உலோகம் வரை இறங்கினால் அந்த வெட்டுக் கோட்டிலேயே துரு தொடங்கும். பொனற்றின் முன்பாதிக்கு மட்டும் ஒட்டினால் குறுக்கே ஒரு கோடு விழுந்து அதில் அழுக்குப் பிடிக்கும். வசதி இருந்தால் முழுப் பொனற்றுக்கும் ஒட்டி விளிம்பை உள்ளே மடிப்பதே நல்லது.

ரொறன்ரோவிலிருந்து

*

> 'கல்தாங்கிச் சட்டை'

புணர்ச்சிப்படி 'கற்றாங்கி' என்றுதானே வரும்?

*

வரும். ஆனால் 'கற்றாங்கி' என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் 'கல்' படாது. கல்தூண் என்று எழுதுகிறோம், அந்த இயல்பே போதும் என்பது என் கருத்து.

இரு குறிப்புகளைச் சொல்லின் விளக்கத்தில் சேர்க்கக் கேட்கிறேன். ஒன்று பொருள்: டிபியு எனப்படும் பாலியூரித்தேன் சட்டைதான் அடிபட்டு அமுங்கி மீளும். பிவிசி தாள் விலை குறைவு, வெயிலில் மஞ்சளித்து விறைத்துப் போகும், பிறகு உரித்தாலும் துண்டுதுண்டாகவே வரும். மற்றொன்று, புதிதாக பெயிண்ட் அடித்த பானெட்டில் உடனே ஒட்டக் கூடாது. கரைப்பான் வெளியேற ஒரு மாதமாவது விட வேண்டும். அடிப்பூச்சு சரியில்லாத பானெட் என்றால், சட்டையை உரிக்கும்போது பெயிண்டும் கூடவே வரும்.

சட்டையில் விழுந்த கீறல் தானே மறையும் 'செல்ஃப் ஹீலிங்' என்பதற்குத் 'தானாறும்' என்று ஒரு பட்டியலில் இருந்தது. புண் ஆறுவதும் காபி ஆறுவதும் ஒரே வினை. இங்கே வெந்நீரோ வெயிலோ பட்டால்தான் அது நடக்கும். 'சூட்டில் ஆறும்' என்று எழுதினால் முரணாக நிற்கிறது. 'கீறல் மறையும்' என்பது துல்லியம், ஏனென்றால் மறைவது மேல்படையின் நுண்கீறல் மட்டும். கல் கிழித்த ஓட்டை மறையாது. அந்த இடத்துச் சட்டையை மாற்றத்தான் வேண்டும்.

கோவையிலிருந்து