ஆக்சஸ் பாயின்ட் எரிகிறது, கன்ட்ரோலரில் மட்டும் தெரியவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

வைஃபை கொடுக்கிற ஆக்சஸ் பாயின்ட்டை (ஏபி) கூரையில் மாட்டியாகிவிட்டது, விளக்கு எரிகிறது, ஸ்விட்ச் போர்ட்டும் பச்சை காட்டுகிறது, ஆனால் ஏபிக்களை நிர்வகிக்கிற சாஃப்ட்வேரான கன்ட்ரோலரைத் திறந்தால் பட்டியலில் ஒன்றுமே இல்லை. இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் ஒருமுறையாவது இதைப் பார்த்திருப்பீர்கள். உடனே ஏணியில் ஏறி ரீசெட் பட்டனை அழுத்துகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தால் அந்த ஏபி எந்த இடத்தில் தடுக்கி நின்றது என்கிற தடயமே போய்விடும், அப்புறம் தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பல மாடிக் கட்டடம், ரொம்ப நாளாக எல்லாமே ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரி வரிசையில்) ஓடிக்கொண்டிருந்தது. புது ஏபியைச் செருகினால் போதும், தானாக வந்து பட்டியலில் நிற்கும், ஒரு க்ளிக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு பாதுகாப்புக்காக சர்வர்களை எல்லாம் தனி வீலேனுக்கு, அதாவது அதே ஸ்விட்ச்சுகளிலேயே பிரித்து வைத்த தனி நெட்வொர்க்குக்கு, மாற்றினோம். ஏற்கெனவே சேர்ந்திருந்த ஏபிக்களுக்கு மாற்றத்துக்கு முன்பே கன்ட்ரோலரின் புது முகவரியைச் சொல்லி வைத்திருந்ததால் அவை ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடின. கொஞ்ச நாள் கழித்து ஒரு மாடிக்குப் புதிதாகச் சில ஏபிக்கள் வந்தன. மாட்டினால் ஒன்றுகூடத் தெரியவில்லை. எல்லாமே தெரியவில்லை என்றதும் வந்த சரக்கே பழுது என்று பேச்சு கிளம்பிவிட்டது, திருப்பி அனுப்பப் பெட்டிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டார்கள்.

அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் சர்வர் இருக்கிற அதே வீலேன் போர்ட்டில் செருகினேன். கொஞ்ச நேரத்தில் பட்டியலில் வந்துவிட்டது. சேர்த்துக்கொண்டேன், மறுபடி மாடிக்கே கொண்டுபோய் மாட்டினேன், அங்கேயும் நன்றாகவே வேலை செய்தது. விஷயம் அங்கேயே வெளிச்சமாகிவிட்டது. கருவியில் கோளாறு இல்லை, பாதையிலும் இல்லை. சேர்வதற்கு முன்னால் அதற்குக் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

புது ஏபி கன்ட்ரோலரைத் தேடுவது அறைக்குள் நின்று குரல் கொடுப்பது மாதிரி. பிராட்காஸ்ட் அல்லது மல்டிகாஸ்ட்டாகப் போகிற அந்தக் குரல் தன் வீலேனைத் தாண்டாது, ரவுட்டர் அதைக் கடத்தாது. இதற்குப் பயன்படுகிற போர்ட், யூனிஃபை ஏபி என்றால் யூடிபி 10001, ஓமாடா ஏபி என்றால் யூடிபி 29810. சிஸ்கோ மாதிரி கேப்வாப் என்கிற பொது நெறிமுறையின் வழியில் போகிறவை யூடிபி 5246-இல் கட்டுப்பாட்டுப் பேச்சையும் 5247-இல் டேட்டாவையும் வைத்துக்கொள்கின்றன. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5415 என்கிற இணையத் தரநிலை ஆவணத்தில் இது எழுதியே இருக்கிறது. எந்தக் கம்பெனி என்றாலும் சங்கதி ஒன்றுதான்: வேறு சப்நெட்டில் இருக்கிற கன்ட்ரோலரைப் பற்றி ஏபிக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

சொல்வதற்கு எனக்குப் பிடித்த வழி, கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கிற டிஎச்சிபியின் ஆப்ஷன் 43. ஏபி முகவரி வாங்க வரும்போதே கன்ட்ரோலர் முகவரியையும் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் இதில் எல்லோரும் இடறுகிற ஒரு இடம் இருக்கிறது. அந்த மதிப்பை ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்களில்) எழுத வேண்டும், முன்னால் வருகிற எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கன்ட்ரோலர் 10.20.16.5 என்று வைத்துக்கொள்வோம். 10 என்பது 0ஏ, 20 என்பது 14, 16 என்பது 10, 5 என்பது 05. யூனிஃபைக்கு இதன் முன்னால் 01 04 சேர்த்து 01 04 0ஏ 14 10 05 என்று கொடுக்க வேண்டும். 01 வகை, 04 என்பது பின்னால் வருகிற பைட்டுகளின் எண்ணிக்கை. சிஸ்கோவுக்கு அந்த 01 இருக்கிற இடத்தில் எஃப்1. இரண்டு கம்பெனி ஏபிக்கள் ஒரே டிஎச்சிபி ஸ்கோப்பில் (முகவரித் தொகுப்பில்) இருந்தால் ஒன்றுக்கு எழுதியது மற்றதற்குப் புரியாது, அதனால் ஏபி தன் கம்பெனியைச் சொல்லும் வெண்டார் கிளாஸைப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் தனித்தனி வீலேனில் வையுங்கள். ஓமாடாவுக்கு ஆப்ஷன் 138.

பெயரை முகவரியாக மாற்றுகிற டிஎன்எஸ் வழியும் உண்டு. யூனிஃபை ஏபி 'யூனிஃபை' என்கிற பெயரைத் தானாகவே தேடிப் பார்க்கும், அந்தப் பெயருக்குக் கன்ட்ரோலர் முகவரியைப் போட்டுவிட்டால் முடிந்தது. ஒன்றிரண்டு ஏபிதான் என்றால் எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கிற வழியில்) நுழைந்து செட்-இன்ஃபார்ம் கட்டளையில் கன்ட்ரோலர் முகவரியையும் 8080 போர்ட்டையும் கொடுத்தாலே போதும்.

உங்களுக்கு எப்படி நடந்தது, எங்கே பிடிபட்டது, எழுதுங்கள்.

*

நான் சொல்லப்போவதில் கன்ட்ரோலருக்குச் சம்பந்தமே இல்லை, ஆனால் வெளியில் பார்த்தால் அச்சு அசல் இதே அறிகுறிதான்.

காலையில் மாட்டினால் ஏபி தெரியும், பிற்பகலில் மாட்டினால் தெரியாது. அதே ஏபி, அதே கேபிள், அதே போர்ட். இப்படி நேரத்துக்கு நேரம் மாறுகிற பிரச்சினை வந்தால் மனிதர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நான் ஸ்விட்ச்சில் மேக் டேபிளைப் பார்த்தேன், ஏபியின் மேக், அதாவது வன்பொருள் முகவரி, சரியான வீலேனில் இருந்தது. சரி, இரண்டாம் அடுக்கு (ஸ்விட்ச்) வரை பழுதில்லை. அடுத்து டிஎச்சிபி லீஸ் பட்டியல், அதாவது யாருக்கு எந்த முகவரி தற்காலிகமாகக் கொடுத்திருக்கிறது என்பது. அதில் அந்த மேக் இல்லவே இல்லை. ஸ்கோப் முழுக்க நிரம்பியிருந்தது.

வந்து போகிறவர்களின் போன்களுக்கும் ஏபிக்களுக்கும் ஒரே /24 சப்நெட், அதாவது மொத்தமே 254 முகவரி. விண்டோஸ் சர்வரில் லீஸ் காலம் மாற்றாமல் விட்டால் 8 நாள். போன் கட்டடத்தை விட்டுப் போய் வெகு நேரம் ஆன பிறகும் அதன் முகவரி பூட்டியே கிடக்கும். லீஸ் முடிந்து காலையில் சில முகவரிகள் விடுபடும், கூட்டம் ஏற ஏற அவையும் தீர்ந்துபோகும். பிற்பகலில் வந்த ஏபிக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. முகவரி கிடைக்காத ஏபி சிலது 169.254-இல் தொடங்குகிற தற்காலிக முகவரியில் போய் உட்காரும், யூனிஃபை 192.168.1.20-க்குப் போகும், எதுவானாலும் கன்ட்ரோலரை எட்டாது.

ஏபிக்களுக்குத் தனி வீலேன், தனி ஸ்கோப் கொடுத்தோம், வந்து போகிறவர்களின் ஸ்கோப்பில் லீஸைச் சில மணி நேரமாகக் குறைத்தோம். அதற்குப் பிறகு அங்கே இந்தப் புகார் வரவில்லை.

எனவே என் பங்குக்கு ஒரு வேண்டுகோள்: யாராவது "கன்ட்ரோலரில் தெரியவில்லை" என்று உதவி கேட்டு வந்தால் முதலில் கேட்க வேண்டியது "அதற்கு ஐபி கிடைத்ததா?" என்பதுதான். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஓடிக்கொண்டிருந்த மற்ற ஏபிக்களும் அதில் அநாதையாகிவிடும்.

*

சுருக்கமாக. கன்ட்ரோலர் ஒரு விண்டோஸ் கணினியில் ஓடியது. ரவுட்டரை மாற்றிய அன்றே எல்லா ஏபியும் காணாமல் போயின, வைஃபை மட்டும் யாருக்கும் நிற்கவில்லை. கேட்வே மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு கட்டுப்பாடு கூடிய பப்ளிக் ப்ரொஃபைலில் போட்டுவிட்டது. கன்ட்ரோலரை ஓட்டுகிற ஜாவாவுக்கு இருந்த ஃபயர்வால் அனுமதியோ ப்ரைவேட் ப்ரொஃபைலுக்கு மட்டும். ப்ரொஃபைலைத் திருப்பி ப்ரைவேட் ஆக்கியதும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஃபயர்வாலையே அணைத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வேண்டிய போர்ட்டுகளை மட்டும் திறந்தால் போதும்.

*

என்னுடையது இன்னும் குழப்பமான வகை. ஏபி பட்டியலில் வரும், சேர்க்கச் சொன்னால் "சேர்கிறது" என்று காட்டும், அப்புறம் "துண்டிக்கப்பட்டது", மறுபடி தோன்றும். வரவே வராத ஏபியாவது ஒரே இடத்தில் தேட வைக்கும், இது ஆளை ஆட்டி வைத்துவிடும்.

கன்ட்ரோலர் டாக்கர் கன்டெய்னரில், அதாவது கணினிக்குள் தனியாகப் பிரித்த ஒரு பெட்டியில், ஓடியது. கன்டெய்னருக்கு உள்ளே அதற்குத் தெரிந்த முகவரி 172.17-இல் ஆரம்பிக்கிற உள் முகவரி. ஏபியைச் சேர்க்கும்போது "இனிமேல் இந்த முகவரிக்கு வந்து தகவல் சொல்" என்று அதையே எழுதிக் கொடுத்துவிடும். ஏபி பாவம் சொன்னபடி அந்த முகவரியைத் தேடும், அது அந்த நெட்வொர்க்கிலேயே கிடையாது.

இதைக் கண்டுபிடித்தது ஏபிக்குள் போய்ப் பார்த்தபோதுதான். எஸ்எஸ்எச்சில் நுழைந்து இன்ஃபோ கட்டளையைக் கொடுத்தால் எந்த முகவரிக்குப் பேச முயற்சி செய்கிறது என்று நிலை வரியில் அப்படியே எழுதியிருக்கும். அந்த 172.17-ஐப் பார்த்ததும் வேறு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. கன்ட்ரோலர் அமைப்புகளில் இன்ஃபார்ம் ஹோஸ்ட்டை நாமே எழுதுவதற்கு ஒரு இடம் இருக்கிறது, அங்கே வெளிக் கணினியின் முகவரியைக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கிற சர்வரிலும் இதே மாதிரி தவறான பக்கத்து முகவரியை எடுத்துக்கொள்ளும், கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாருமே செய்யத் தயங்குகிற வேலை பாக்கெட் பிடித்துப் பார்ப்பது. கன்ட்ரோலர் இருக்கிற கணினியில் டிசிபிடம்ப் என்கிற கருவியை ஓடவிட்டு ஏபியின் ஐபியை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். 8080-க்கு சின் பாக்கெட் (இணைப்புக் கேட்கிற முதல் பாக்கெட்) வருகிறது, பதில் போகவில்லை என்றால் பெரும்பாலும் ஃபயர்வால்; உடனே ஆர்எஸ்டி (இணைப்பு மறுப்பு) பதிலாகப் போனால் சர்வீஸ் ஓடவில்லை. எதுவுமே வரவில்லை என்றால் ஏபிக்கு முகவரி தெரியவில்லை, அல்லது நடுவில் ரவுட்டிங் இல்லை. பதில் போகிறது, ஆனால் ஏபி திரும்பத் திரும்ப அதையே கேட்கிறது என்றால் பதில் வேறு பாதையில் போய்த் தொலைகிறது. நாள் முழுக்க ஊகித்துக்கொண்டிருப்பதை இது சில நிமிடத்தில் தீர்த்துவிடும்.

*

மேலே சொன்னது எல்லாம் புது ஏபிக்கள். என் கதை பழையவை. வருடக்கணக்காக ஒரு தொந்தரவும் கொடுக்காதவை, ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்திப் போட்ட பிறகு பாதி ஏபி திரும்பி வரவில்லை.

முதலில் எல்லோருக்கும் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே வரும் மின்சாரம்) மேல்தான் சந்தேகம். நியாயம்தான். 802.3ஏஎஃப் ஸ்விட்ச் போர்ட் கொடுப்பது அதிகபட்சம் 15.4 வாட், ஏபிக்குப் போய்ச் சேர்வது 12.95. அதைவிட அதிகம் கொடுக்கிற 802.3ஏடி தேவைப்படுகிற ஏபியை அதில் மாட்டினால் சிலது ரேடியோவைக் கிளப்பும்போதே விழுந்து மறுபடி எழும், ஸ்விட்ச் லாகில் அந்த போர்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் எங்கள் லாகில் அப்படி எதுவும் இல்லை, ஐபி இருந்தது, பிங் போனது, கன்ட்ரோலரும் எட்டியது.

கன்ட்ரோலர் லாகைத் திறந்து படித்தபோது டிடிஎல்எஸ் கைகுலுக்கலிலேயே (பாதுகாப்பான இணைப்புக்கு முன் நடக்கிற அடையாளச் சரிபார்ப்பிலேயே) தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏபிக்குள் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்புகிற, அதை அடையாளம் காட்டுகிற சர்டிஃபிகேட் ஒன்று இருக்கும், எங்களுடையவற்றில் அதற்கு ஆயுள் 10 வருடம். அது சில நாட்களுக்கு முன்பே முடிந்துபோயிருந்தது. இணைப்பில் இருந்தவரை யாரும் அதை மறுபடி கேட்கவில்லை. மின்சாரம் போய்த் திரும்பிச் சேர வந்தபோது கேட்டார்கள், காலாவதி என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கொஞ்சம் பிந்தித் தயாரான மற்ற பாதிக்கு ஆயுள் மிச்சம் இருந்ததால் அவை மட்டும் உள்ளே வந்துவிட்டன.

சில கன்ட்ரோலர்களில் சர்டிஃபிகேட்டின் காலாவதியைப் பொருட்படுத்தாதே என்று சொல்கிற அமைப்பு உண்டு, எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. அது இல்லாதவர்கள் கன்ட்ரோலரின் கடிகாரத்தைத் தற்காலிகமாகப் பின்னுக்கு நகர்த்தி உள்ளே கொண்டுவருவதும் உண்டு, ஆனால் அடுத்த முறை மின்சாரம் போனால் அதே கதைதான், அதை வைத்து மாற்று ஏபிக்கள் வாங்கும் வரை காலம் தள்ளலாம். இதற்கு நேர் எதிரான கேஸும் பார்த்திருக்கிறேன்: கன்ட்ரோலரின் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விட்டது, புத்தம் புது ஏபியின் சர்டிஃபிகேட் இன்னும் தொடங்கவே இல்லை என்று தள்ளிவிட்டது. நேரத்தைச் சரிப்படுத்துகிற என்டிபி சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, நேரத்தைத் திருத்தியதும் அவை தாமாகவே சேர்ந்துகொண்டன.

பழைய ஏபிக்களை வைத்து ஓட்டுகிறவர்கள், அடுத்த மின்தடைக்கு முன்னால் ஒவ்வொன்றின் சர்டிஃபிகேட் முடிகிற தேதியையும் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே எவை ஒரே சமயத்தில் முடிகின்றன என்றும் பாருங்கள், ஒரே ஆர்டரில் வாங்கியவை பெரும்பாலும் அடுத்தடுத்த வாரங்களில் போகும்.