அரேலிஸ்டிலிருந்து ஜெனரிக் லிஸ்ட்டுக்கு மாறுவது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சி ஷார்ப்பில் எழுதப்பட்ட பழைய நிரல் ஒன்றில் எங்கும், எந்த வகை மதிப்பையும் ஏற்கும் பட்டியலான அரேலிஸ்டே இருக்கிறது. அதை, 2005-இல் டாட்நெட் 2.0 உடன் வந்த, உறுப்புகளின் வகையை முன்பே குறிக்கும் ஜெனரிக் லிஸ்ட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மாற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை. அரேலிஸ்ட் எல்லாவற்றையும் ஆப்ஜெக்ட்டாகவே வைத்துக்கொள்வதால், அதில் சேர்க்கும் ஒவ்வோர் இன்ட் (முழு எண்) மதிப்பும் பாக்ஸிங் ஆகி, அதாவது ஓர் ஆப்ஜெக்ட்டுக்குள் பொதியப்பட்டு, ஹீப் நினைவகத்துக்குப் போகிறது. அதைத் திரும்ப எடுக்கும்போது நேரடியாக லாங் (பெரிய முழு எண்) என்று காஸ்ட் செய்தால், அதாவது வகை மாற்றினால், கம்பைலர் மறுப்புச் சொல்வதில்லை, நிரல் ஓடும்போதுதான் பிழை எழுகிறது. (சாதாரண இன்ட் மாறி தானாகவே லாங் ஆகிவிடும் என்பதால், இது எளிதில் கண்ணில் படாது.)

சிக்கல் வேறிடத்தில். எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அதன் உறுப்புகளைப் பதிவுக்கோப்பில் எழுதும் ஒரு மெத்தட் இருக்கிறது. அதன் அளவுருவை ஆப்ஜெக்ட் வகையிலான ஐஎன்யூமரபிள் (உறுப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்க உதவும் இன்டர்ஃபேஸ்) என்று மாற்றியதும், ஸ்ட்ரிங் லிஸ்ட்டை ஏற்றுக்கொண்ட கம்பைலர் இன்ட் லிஸ்ட்டை மறுத்துவிட்டது. சி ஷார்ப் 4 கொண்டுவந்த கோவேரியன்ஸ் (ஸ்ட்ரிங் ஐஎன்யூமரபிளை ஆப்ஜெக்ட் ஐஎன்யூமரபிளாக ஏற்க விடும் வசதி), ஸ்ட்ரிங் போன்ற ரெஃபரன்ஸ் வகைகளுக்கு மட்டுமே பொருந்தும், இன்ட் போன்ற மதிப்பு வகைகளுக்குப் பொருந்தாது என்பதே காரணம். இப்போது அந்த மெத்தடையே ஜெனரிக் ஆக்குவதா, வகை குறிக்காத பழைய ஐஎன்யூமரபிளை அங்கு மட்டும் விட்டுவைப்பதா? முன்னது நேர்த்தியாகத் தோன்றினாலும், அது அழைக்கும் மற்ற மெத்தடுகளையும் திருத்த வேண்டியிருக்கும்.

இன்னொன்று: பெயரும் வயதும் மாறிமாறி இருக்கும் ஒரு பட்டியலும் உண்டு. அதை ஆப்ஜெக்ட் லிஸ்ட்டாக மாற்றுவதில் பயனில்லை. சிறு கிளாஸ் ஒன்று எழுதுவதே சரியென்று நினைக்கிறேன். ஆனால் இரட்டைப்படை, ஒற்றைப்படை இன்டெக்ஸை நம்பிப் படிக்கும் இடங்கள் ஏராளம். இத்தகைய மாற்றத்தை நிரலை நிறுத்தாமல் படிப்படியாகச் செய்தவர்கள், எதிலிருந்து தொடங்கினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.