குளத்தை ஆழமாக்கினால் பாலாமை எங்கே போகும்?

துருசடி:
எங்கள் ஊர்க் குளத்தை இந்தச் சிறுபோக நெல் வெட்டி முடிந்ததும் ஆழமாக்கப் போகிறார்களாம். தண்ணீர் வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை அங்கேயே கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மண் அள்ளும் பெக்கோ இயந்திரமும் இறங்கும். பக்கத்துக் குளத்தில் அள்ளிக் கொட்டிய மண்ணுக்குள் ஓடு பிளந்த ஆமைகளைக் கண்டேன். பின்கால்களை மறைக்கும் மடல்கள் இறுக மூடியபடியே இருந்தன. இலங்கையில் மட்டும் வாழும் இனம் இது. வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

கமக்காரன்:
நிறுத்திவிட்டு நெல்லுக்கு உங்கள் கண்ணீரையா பாய்ச்சுவது? கிளிநொச்சியில் பெரிய இரணைமடுக் குளத்தின் கட்டை உயர்த்தி 2018இல் திறந்தார்கள், சரி. அந்த வாய்க்கால் எங்கள் பக்கம் வராதே! எங்களுக்கு இருப்பது இந்தச் சின்னக் குளம்தான், அதுவும் வண்டலேறிக் கிடக்கிறது. ஆமையை அழிப்பது பெக்கோ இல்லை, சட்டி. மூலவருத்தத்துக்கு நல்லது என்று இறைச்சி தேடி அலைபவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

விரால்வலை:
சட்டியைச் சொன்னால் பழி மீன் பிடிக்கும் எங்கள் தலையில்தான் விழும். இறைச்சியோடு பிடித்தால் வழக்கு என்பது தெரிந்ததுதான், 1937ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அது. ஆனால் தங்கூசி வலையை, அந்த மெல்லிய நைலோன் இழை வலையை, யாரும் பேசுவதில்லை. ஆமைக்கு நுரையீரல், மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். இரவு போட்ட வலையில் சிக்கினால் விடிவதற்குள் முடிந்துவிடும். அதை யாரும் தின்பதும் இல்லை, கரையில் எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

துருசடி:
மூலத்துக்கு மருந்து என்பது வெறும் கதை அண்ணை. வலைக்குத் தப்பிய ஆமையும் கோடையில் சேற்றுக்குள்தானே போகிறது? முட்டை பொரிக்கவே மாதக்கணக்காகும். வளர்ந்த ஆமைகளை ஒரே கிழமையில் வாரிக் கொட்டினால் அந்தக் குளம் எப்போது தேறும்?

வன்னிமகள்:
ஏன் முழுக் குளத்தையும் ஒரேயடியாகக் கிண்ட வேண்டும்? கட்டுப் பக்கம் இந்த வருடம், நடுப்பகுதி அடுத்த வருடம். தண்ணீர் ஏறி இறங்கும் ஓரம், அந்த அலைகரைச் சேற்றை அப்படியே விடுங்கள். மண் கொட்டும் இடத்தில் ஒருவர் நின்றால் உயிரோடு வருவதை எடுத்து அங்கே விடலாம்.

கமக்காரன்:
ஆள் நிற்பது பெரிய காரியமில்லை, கமக்கார அமைப்பில் நானே கேட்கிறேன். இரண்டு வருடம் என்றால் பெக்கோவை இரண்டு முறை ஏற்றி இறக்க வேண்டும், அந்தக் காசை யார் தருவது? அப்புறம், அலைகரையை விடச் சொல்கிறீர்கள். அங்கே வேலி போட்டு வயல் செய்கிறார்களே, தங்கச்சி, முதலில் அவர்களை எழுப்ப யார் வருகிறீர்கள்?