அஞ்சலிக்காக ஐஸ் நேரம் கொடுப்பது: பயிற்சியாளர் எதையெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டும்?

நீலக்கோடு

2022 நவம்பர் 12, டொராண்டோவில் மேப்பிள் லீஃப்ஸ் – வான்கூவர் கனக்ஸ் ஐஸ் ஹாக்கி ஆட்டம். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் பேச்சை இழந்திருந்த பழைய லீஃப்ஸ் வீரர், ஸ்வீடன்காரர் பொர்யே சால்மிங் அரங்கில் இருந்தார். லீஃப்ஸ் பயிற்சியாளர் ஷெல்டன் கீஃப் முதல் ஃபேஸ்ஆஃபுக்கு (நடுவர் இருவருக்கு நடுவே பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்குவது) இறக்கிய ஆறு பேரும் ஸ்வீடன்காரர்கள்: நைலாண்டர், எங்வால், யார்ன்குரோக், சாண்டின், லில்யக்ரென், கோலியாக (கோல்கீப்பர்) ஷால்க்ரென். அணியின் நட்சத்திரங்கள் மாத்யூஸ், மார்னர், டவாரெஸ், ரீலி நாலு பேரும் பெஞ்சில். பன்னிரண்டு நாள் கழித்து சால்மிங் இறந்துவிட்டார்.

இப்படி முதல் ஷிஃப்டை (ஒரு தடவை ஐஸில் இறங்கி ஆடும் நேரம்) ஒருவருக்கு மரியாதையாகக் கொடுத்தால் அணிக்கு உண்மையில் என்ன நட்டம்? ஓய்வு பெறப்போகும் வீரருக்குக் கடைசி சொந்த மைதான ஆட்டத்தில் கூடுதல் நிமிடங்கள் கொடுப்பதும் இதே கணக்குதானா? டிஃபென்ஸ்காரர் கீத் யாண்டில் ஓர் ஆட்டம்கூட விடாமல் ஆடிவந்த தொடர் சாதனையை அவருடைய அணி ஃபிளையர்ஸ் நிறுத்தியது சரியா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

பெஞ்ச்கதவு

சொந்த மைதானத்தில் நட்டம் மிகக் குறைவு. தொடக்க வரிசையை விருந்தினர் அணிதான் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் சொந்த அணி தன் வரிசையைத் தரும். அதனால் எதிரணி உங்கள் அஞ்சலி வரிசையைக் கண்டு தன் முதல் லைனை (சேர்ந்து இறங்கும் மூன்று ஃபார்வர்ட்) மாற்றி அனுப்ப வழியில்லை. நீங்கள் விட்டுக்கொடுப்பது, யாருக்கு எதிராக யார் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை, அதுவும் ஒரே ஒரு ஷிஃப்டுக்கு.

ஆட்டம் ஓடும்போதே ஆள் மாற்றலாம் என்பதால் 25-30 விநாடியில் அந்த ஐவரையும் இழுத்துவிடலாம். ஆபத்து ஒன்றுதான்: ஐசிங், அதாவது நடுச் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே பக்கை (ஆடும் ரப்பர் தட்டை) எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி அடித்துவிடுவது. உங்கள் ஆட்கள் ஐசிங் செய்துவிட்டால் மாற்று கிடையாது. சேர்ந்து பழகாத அதே ஐவர் தங்கள் கோல் பக்கத்தில் ஃபேஸ்ஆஃப் எடுத்தாக வேண்டும். ஆகவே அந்த ஷிஃப்டுக்கு டிஃபென்ஸ்காரர்களிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: நீளமான பாஸ் வேண்டாம், சிவப்புக் கோட்டைத் தாண்டிய பிறகு பக்கை எதிரணி மூலைக்குள் தள்ளிவிட்டு மாறுங்கள்.

கீஃபுக்கு அன்று ஒரு வசதி இருந்தது. அவரிடம் இருந்த ஸ்வீடன்காரர்கள் சரியாக மூன்று ஃபார்வர்ட், இரண்டு டிஃபென்ஸ், ஒரு கோலி. சாண்டின் இடது கை, லில்யக்ரென் வலது கை. நாலு ஃபார்வர்டும் ஒரு டிஃபென்ஸும் என்று இருந்திருந்தால் இதைச் செய்திருக்கவே கூடாது.

இன்னொன்று: கொடுத்த தொடக்க வரிசைக்கு மாறாக வேறொருவரை இறக்கினால் பெஞ்சுக்கு இரண்டு நிமிடப் பெனால்டி. அஞ்சலி நாளில் அவசரத்தில் தாளில் ஒரு பெயரும் ஐஸில் ஒரு ஆளுமாக ஆகிவிடக் கூடாது.

ஸ்காபரோ_21

அந்த ஷிஃப்டை வெறும் நட்டக் கணக்கா மட்டும் பாக்க ஏலாது. ஐரோப்பியர் அடி தாங்க மாட்டினம் எண்டு இஞ்ச சொல்லிக்கொண்டிருந்த காலத்தில, 1973இல ரொறன்ரோவுக்கு வந்து 16 சீசன் நிண்டு விளையாடின மனுசன். லீஃப்ஸுக்காக 620 அசிஸ்ட் (கோலுக்குக் குடுத்த பாஸ்), இண்டைக்கும் அணிச் சாதனை. ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேமுக்குப் போன முதல் ஸ்வீடன்காரர், 1996இல. அந்த ஆறு பேருக்கும் கதவு திறந்துவிட்டது அவர்தான். அண்டைக்கு எதிர்ப் பெஞ்சில நிண்ட வான்கூவர் பயிற்சியாளர் புரூஸ் புட்ரோகூட லீஃப்ஸில சால்மிங்கோட விளையாடினவர்.

பயிற்சியாளர் உண்மையாப் பயப்பட வேண்டியது ஆட்டத்துக்கு முந்தின நிகழ்ச்சியின்ர நீளத்துக்கு. 16 நிமிச வோர்ம்-அப் முடிஞ்சு உடுப்பறைக்குப் போய் வந்து, பிறகு நீலக் கோட்டில அசையாமல் நிண்டால் தொடையும் இடுப்பும் இறுகிப்போகும். மொன்றியல் அணியின்ர பழைய நட்சத்திரம் கீ லஃப்லூர் இறந்த பிறகு, 2022 ஏப்ரல் 24, மொன்றியலில சனம் கிட்டத்தட்டப் பத்து நிமிசம் எழும்பி நிண்டு கைதட்டினது. நிப்பாட்டச் சொல்லி ஆரும் கேக்கவும் மாட்டினம், கேக்கவும் கூடாது. அப்படியான நாளில முதல் ரெண்டு சுற்று ஷிஃப்டையும் 30 விநாடிக்குள்ள முடிச்சு நாலு லைனையும் கெதியா ஐஸில இறக்கிவிட வேணும். கோலிக்குத்தான் இது மெத்தக் கஷ்டம். அவர் நிண்ட இடத்திலயே முழங்காலை மடிச்சு, பக்கவாட்டில சறுக்கிச் சூட்டைக் காப்பாத்த வேணும்.

நாலாவதுலைன்

கடைசி ஆட்ட நிமிடங்கள் வேறு கணக்கு, நீலக்கோடு. பெனால்டிகளை விட்டுவிட்டால் 60 நிமிடத்துக்கு மூன்று ஃபார்வர்ட் இடம், ஆக 180 ஆள்-நிமிடம். 12 பேருக்குச் சமமாகப் பிரித்தால் 15. நாலாவது லைனுக்கு ஆளுக்கு 8 கொடுத்தால் மற்ற ஒன்பது பேருக்கும் 17 நிமிடம் 20 விநாடி வரும். 8 நிமிடம் ஆடுகிற மூத்த வீரருக்கு அன்று 14 கொடுக்க வேண்டுமானால் 6 நிமிடம் யாரிடமிருந்தாவது எடுக்க வேண்டும். 45 விநாடி ஷிஃப்டாக அது எட்டு. ஒருவரிடமிருந்தே எட்டையும் பிடுங்கினால் அவர் ஆட்டமே கலைந்துவிடும். மூன்று விங்கர்களிடமிருந்து (ஓரத்து ஃபார்வர்ட்) இரண்டு மூன்றாக எடுங்கள்.

எங்கே கொடுப்பது என்பதுதான் திறமை. எதிரணிப் பக்கத்து ஃபேஸ்ஆஃப், பவர்ப்ளேயில் (பெனால்டியால் எதிரணிக்கு ஆள் குறைந்திருக்கும் நேரம்) இரண்டாவது யூனிட்டின் கடைசி 40 விநாடி, இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும் நேரம். ஷிஃப்டின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், நீளத்தைக் கூட்டாதீர்கள். அதிலும் இரண்டாவது பீரியடில் பக்கம் மாறுவதால் பெஞ்ச் தங்கள் கோலிலிருந்து தள்ளிப்போய்விடும். 70 விநாடி ஆடிக் களைத்த 38 வயதுக்காரர் தங்கள் பக்கத்தில் சிக்கினால் மாறி வரவே முடியாது.

வான்கூவரின் செடின் சகோதரர்களை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். 2018 ஏப்ரல் 5, கடைசி சொந்த மைதான ஆட்டம், அரிசோனாவுக்கு எதிராக ஹென்ரிக் கொடுக்க டேனியல் ஓவர்டைமில் அடித்த கோல். ஆனால் அது யாரும் இரங்கிக் கொடுத்த நேரம் அல்ல. அவர்கள் அந்த சீசன் முழுக்க ஆடிய இடத்தில்தான் அன்றும் ஆடினார்கள்.

யாண்டில் விஷயத்தில் நான் ஃபிளையர்ஸ் பக்கம். 989 ஆட்டம் தொடர்ந்து ஆடியவரை 2022 ஏப்ரல் 2 அன்று உட்காரவைத்தது மனதை உறுத்துகிறதுதான். ஆனாலும் டிஃபென்ஸில் ஆறு இடம்தான் உண்டு, இளம் ஆட்களைச் சோதிக்க வேண்டிய காலம் அது.

பெஞ்ச்கதவு

அங்கே நான் மாறுபடுகிறேன். பிளேஆஃப் வாய்ப்பே இல்லாத அணி அது. வழக்கமான பன்னிரண்டு ஃபார்வர்ட், ஆறு டிஃபென்ஸுக்குப் பதில் பதினொரு ஃபார்வர்ட், ஏழு டிஃபென்ஸ் என்று இறக்கி யாண்டிலுக்கு 8-10 நிமிடம் கொடுத்திருந்தால் இளைஞருக்கும் இடம் கிடைத்திருக்கும், சாதனையும் ஓடியிருக்கும். அதே ஆண்டு மார்ச் 8 அன்று, யாண்டிலைப் போலவே விடாமல் ஆடிவந்த ஃபார்வர்ட் ஃபில் கெஸலுக்கு அரிசோனா செய்ததைப் பாருங்கள். டெட்ராய்ட்டில் ஒரே ஷிஃப்ட், 30 விநாடி. உடனே மகள் பிறப்புக்குப் பறந்தார். ஒரு ஷிஃப்ட் ஆடினாலே ஆட்டம் கணக்கில் சேரும். மீதி நேரம் ஒரு ஃபார்வர்ட் குறைவாக ஆடிய அரிசோனா 9-2 என்று ஜெயித்தது. ஃபார்வர்டில் இது முடியும். டிஃபென்ஸில் ஒருவர் போனால் மிச்சம் ஐவர், ஆளுக்கு 24 நிமிடம் ஆகிவிடும். அதனால்தான் 11-7 என்றேன்.

நீலக்கோடு

நன்றி. ஒரு சின்ன சந்தேகம்: பழைய வீரர் எதிரணியில் வரும்போது காட்டும் வீடியோ?

ஸ்காபரோ_21

அது பெரும்பாலும் முதல் பீரியட் ரிவி விளம்பர இடைவேளையில போகும், அதால ஆட்ட நேரம் கெடாது. அந்த இடைவேளையில முதல் லைனுக்கு நல்ல ஓய்வு. அதால இடைவேளைக்குச் சற்று முன்னமும், முடிஞ்ச உடனயும் அதே லைனை அனுப்பலாம். ஆனா வீடியோவில வந்தவரை அடுத்த ஃபேஸ்ஆஃபுக்கே அனுப்பாதேங்கோ. கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிக்கிற ஆளுக்கு ஒரு ஷிஃப்ட் தள்ளிக் குடுத்தால் போதும்.