அண்டர் கோட்டிங்: பூச்சா, காப்பா?

நாகர்கோவிலிலிருந்து, கையேட்டுத் தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய ஜீப் வாங்கி ரப்பர் தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு சிறு கையேடு தயாராகிறது. வண்டியின் பெயின்ட், உட்புறம், அடிப்பாகம் மூன்றையும் எப்படிக் காப்பது என்பதுதான் பொருள். பெரும்பாலான சொற்கள் முடிவாகிவிட்டன. நிறப் பெயின்டுக்கு மேலே அடிக்கிற நிறமற்ற கிளியர் கோட்டுக்குத் 'தெளிபூச்சு', ரஸ்ட் கன்வர்ட்டருக்குத் 'துருமாற்றி', பிரைமருக்கு 'அடிப்பூச்சு'. மீதி நிற்பது, துருப்பிடிக்காமல் இருக்க வண்டியின் அடிப்பாகத்தில் அடிக்கிற அண்டர் கோட்டிங் ஒன்றுதான்.

வரைவில் அதையும் 'அடிப்பூச்சு' என்றே எழுதிவிட்டதால், ஒரு பக்கத்தில் "அடிப்பூச்சு காய்ந்தபின் அடிப்பூச்சு அடிக்கவும்" என்று வந்திருக்கிறது. படிக்கிறவர் பிரைமரை இரண்டு முறை அடித்துவிட்டுப் போய்விடுவார். பட்டறைகளில் 'தார் அடிப்பது' என்கிறார்கள், ஆனால் இன்று தார் கலக்காத சரக்கும் நிறைய வருகிறது. 'கீழ்ப்பூச்சு', 'கவசப்பூச்சு', 'அடிப்புறப் பூச்சு' ஆகிய மூன்றும் கையில் இருக்கின்றன. எதை வைக்கலாம், ஏன் என்று சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து, வண்டி பெயின்ட் வேலை

அக்கா, சொல்லைத் தேடும் முன் சரக்கைப் பிரித்துக்கொள்வோம். அண்டர் கோட்டிங் என்று பில்லில் எழுதுகிற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன.

ஒன்று, தாரும் ரப்பரும் கலந்தது. காய்ந்தால் தோல்போலப் படியும். கல் தெறிப்பைத் தாங்கும், இரைச்சலையும் குறைக்கும். இரண்டாவது, ஹார்ட்னர் கலந்து அடிக்கிற எப்பாக்சி, பாலியூரித்தேன் வகை. இது கல்லாட்டம் இறுகிவிடும். மூன்றாவது, மெழுகோ கம்பளிக்கொழுப்போ சேர்ந்த எண்ணெய்ச் சரக்கு. இது இறுகவே இறுகாது. ஆறு மாதம் கழித்து விரல் வைத்தாலும் பிசுபிசுக்கும். கீறல் விழுந்தால் மெல்லப் பரவி தானே மூடிக்கொள்ளும். ஆனால் தண்ணீரும் சேறும் அடித்து அடித்துக் கரைந்துபோகும், ஆண்டுக்கொரு தரம் திரும்பப் போட வேண்டும்.

புது வண்டிக்கு எதை அடித்தாலும் பெரிய கேடில்லை. பழைய வண்டியில்தான் வினை. துருவைச் சுரண்டாமல் அதன்மேல் தார் அடித்தால் பார்க்கக் கறுகறுவென்று புதுசாக இருக்கும். எங்காவது ஒரு கல் பட்டு அந்தத் தோல் கிழிந்தால், தண்ணீர் தோலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஏறிவிடும். ஏறிய தண்ணீர் வடியவும் வழியில்லை, காயவும் வழியில்லை. வெளியே அழகு, உள்ளே அரிப்பு. வாங்கப் போகும் வண்டியின் அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் சேசிஸைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்' என்று கேட்டால் அங்கே தோலை உரிக்க வேண்டும். துரு அப்பளம்போல அடுக்கடுக்காகக் கையோடு வரும்.

வேலையின் வரிசை இது. நாலு சக்கரத்தையும் கழற்றி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கி மட்டும் வைத்துக்கொண்டு அடியில் போகாதீர்கள். பிரஷர் தண்ணீரால் சேற்றைக் கழுவி, குறைந்தது இரண்டு நல்ல வெயில் நாள் காயவிடுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்வதால், தோதான காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். பிறகு வயர் பிரஷ் போட்டு உதிர்கிற துரு முழுவதையும் எடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துருவுக்கு மட்டும் துருமாற்றி. அதிலுள்ள டானின் இரும்புத் துருவோடு சேர்ந்து கறுப்பாகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் (இரும்பு சல்பேட்) சேர்த்து மை செய்தார்களே, அதே வேதியியல்தான். ஒரு நாள் கழித்து எப்பாக்சி அடிப்பூச்சு, அது காய்ந்தபின் மேலே அடிப்புறச் சரக்கு.

அளவு: அடிப்பாகமும் சக்கரக் குழிகளுமாக 8 சதுர மீட்டர் என்று கொண்டால், 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) ஈரப் படலத்துக்கு ஒரு கோட்டுக்கு 4 லிட்டர் வேண்டும். டப்பாவில் திடப்பொருள் கனஅளவில் 50 சதவீதம் என்று போட்டிருந்தால், காய்ந்தபின் நிற்பது 250 மைக்ரான். ஒரு லிட்டரில் முழு வண்டியையும் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சைலன்சர், பிரேக் டிரம், பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரப்பர் புஷ் இவற்றைக் காகிதம் சுற்றி மறைத்துவிட வேண்டும். ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் மட்டும் சரக்கு ஒட்டினால் பேலன்ஸ் போய் வண்டி அதிரும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் புஷ் ஊதிவிடும். எல்லாவற்றையும்விட, கதவின் அடியிலும் ஃபுட்போர்டின் அடியிலும் உள்ள வடிதுளைகளை அடைக்கக் கூடாது. அவை அடைபட்டால் செய்த வேலை முழுக்க வண்டிக்கு எதிராகத் திரும்பிவிடும்.

என் கருத்து: முதல் இரண்டுக்கும் 'பூச்சு' சரி. மூன்றாவதற்கு அந்தச் சொல் சரியில்லை. 'பூச்சு' என்றதும் ஒருமுறை பூசினால் தீர்ந்தது என்று மனதில் பதிந்துவிடுகிறது.

குளச்சலிலிருந்து, மீன் வண்டிகள் பராமரிப்பு

ஆசான் சொன்ன கடைசி வரிதான் இங்கே அன்றாடம் தலைவலி. கடலோர வண்டிக்கு மெழுகுச் சரக்குதான் ஒத்துவருகிறது, ஆனால் ஒருமுறை போட்டவர்கள் திரும்ப வருவதில்லை.

கடலோரத்தில் ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பதையும் கையேட்டில் எழுத வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், தகட்டில் படிந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். மழையே பெய்யாவிட்டாலும் அடிப்பாகம் நனைந்தபடி இருக்கும். மீன்பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. எனவே என்ன சரக்கு அடித்தாலும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவாமல் பயனில்லை. ஹோஸ் முனையைச் சக்கரக் குழியின் மேல் விளிம்புக்கு உள்ளே திருப்பிப் பிடிக்க வேண்டும். சேறும் உப்பும் தங்குவது அந்த மடிப்பில்தான்.

சொல்லுக்கு வருவோம். நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: காப்பு. கன்னியாகுமரி அம்மனுக்குச் சந்தனக்காப்பு, சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க்காப்பு. மேனி முழுக்கச் சாத்துவார்கள், பிறகு களைந்துவிட்டு, உரிய நாளில் மறுபடி சாத்துவார்கள். சாத்துவது, களைவது, திரும்பச் சாத்துவது மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. மெழுகுச் சரக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. 'அடிக்காப்பு' என்று வைக்கலாம். சேசிஸின் பொந்துக்குள்ளும் ஃபுட்போர்டுக்குள்ளும் நீளக் குழல் விட்டு அடிக்கிற கேவிட்டி வேக்ஸுக்கு 'பொந்துக்காப்பு'.

மர வள்ளத்துக்கு மீன் எண்ணெயும் அண்டித்தோட்டு (முந்திரிக்கொட்டைத் தோடு) எண்ணெயும் போட்டு வந்ததும் இதே முறைதான். அதையும் ஒருமுறை போட்டு விட்டுவிடுவதில்லை.

தக்கலையிலிருந்து, தமிழாசிரியர்

'காப்பு' நல்ல சொல். சந்தனக்காப்பு எடுத்துக்காட்டு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு.

'அடி' என்றால் கீழ்ப்பகுதி என்றும் பொருள், இடி, மோதல் என்றும் பொருள். வண்டியோடு சேர்த்து 'அடிக்காப்பு' என்று சொன்னால் பாதிப் பேர் பம்பரை நினைப்பார்கள். 'அடிபடாமல் காப்பது' என்ற பொருளும் இலக்கணப்படி சரியாகவே வரும். 'அடிப்பூச்சு' என்பதில் இந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் அடிபடுவதற்கும் பூச்சுக்கும் தொடர்பில்லை. 'காப்பு' சேரும்போதுதான் வருகிறது.

இரண்டாவது, கையில் போடும் காப்பு, காப்பீடு, காப்புரிமை என்று இந்தச் சொல்லின்மேல் ஏற்கெனவே சுமை அதிகம். ஆனால் முன்னால் ஒரு சொல் சேர்ந்து வரும்போது பொருள் தெளிவாகிவிடுவதால், இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

'அடிப்புறக்காப்பு' என்று ஓரெழுத்துகூடச் சுருக்காமல் வையுங்கள். 'புறம்' வந்துவிட்டால் மோதல் என்ற பொருள் அற்றுப்போகும். 'பொந்துக்காப்பு' அப்படியே நிற்கட்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து

சார் சொன்னது சரி. பட்டறையில் வாய்ப்பேச்சாக 'அடிக்காப்பு' என்று சுருங்கினாலும் சுருங்கட்டும், எழுத்தில் 'அடிப்புறக்காப்பு' இருக்கட்டும். தாரும் எப்பாக்சியும் 'அடிப்புறப் பூச்சு'. இறுகினால் பூச்சு, இறுகாவிட்டால் காப்பு. இந்த ஒரே விதியை மேல்பக்கப் பெயின்டுக்கும் நீட்டலாம். வேக்ஸ் பாலிஷ் 'மெழுகுக்காப்பு', செராமிக் கோட்டிங் 'செராமிக் பூச்சு'.

மேல்பெயின்ட் பகுதியில் ஒன்று சேர்க்க வேண்டும். தெளிபூச்சின் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. முரட்டு காம்பவுண்டு போட்டு மெஷினில் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து சில மைக்ரான் போய்விடும், போனது திரும்ப வராது. பழைய வண்டி என்றால் முதலில் பெயின்டின் கனத்தை அளக்கும் கனமானி வைத்துப் பாருங்கள். கம்பெனிப் பெயின்ட் மொத்தமாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும். 300-ஐத் தாண்டினால் அங்கே பட்டி வைத்து மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

இங்கே கூடுதல் கவனம் மணலுக்கு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் கார்னெட்டும் சிர்க்கானும் இருக்கின்றன. இரும்பைச் சுத்தம் செய்ய வேகமாகப் பீய்ச்சி அடிக்கிற பிளாஸ்டிங்குக்குப் பயன்படுகிற பொடிகளில் கார்னெட்டும் ஒன்று. அந்தப் பொடி படிந்த பானெட்டைக் காய்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஓடிவந்த வண்டிக்கும் இதுவே. முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றி மணல் முழுவதும் இறங்கும்வரை விட வேண்டும். பிறகுதான் ஷாம்பூ. இரண்டு வாளி வைத்து, ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். வீட்டில் இருக்கும் துணிசோப்புப் பொடி மெழுகுக்காப்பை ஒரே கழுவலில் எடுத்துவிடும்.

குலசேகரத்திலிருந்து, ரப்பர் தோட்ட வண்டிகள்

வண்டியின் உட்புறத்துக்கு 'உட்காப்பு' என்று ஒரு சொல்லையும் உண்டாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே தேவைப்படுவது எதையும் சாத்துவதல்ல, தண்ணீர் தங்காமல் பார்ப்பது. சொல் வந்துவிட்டால் அதற்கு ஒரு ஸ்பிரேயும் வந்துவிடும்.

தோட்ட வண்டியில் தளம் ஓட்டையாவதற்கு முதல் காரணம் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) சாக்கு. பால் உறைய விட்ட ஃபார்மிக் அமிலம் அதிலிருந்து கசிந்து கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஃபெல்ட்டில் ஊறி நிற்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். கார்ப்பெட்டையும் ஃபெல்ட்டையும் ஒரேயடியாக எடுத்துவிட்டு ரப்பர் பாய் போடுங்கள், சாக்கு வைக்கிற இடத்தில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு. அமிலம் சிந்தினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சமையல் சோடா கரைத்து ஊற்றி, நுரை அடங்கியபின் நல்ல தண்ணீரால் கழுவி, தளத்தின் ரப்பர் பிளக்கைக் கழற்றி வடியவிட வேண்டும். பிளக்கைத் திரும்ப மாட்டும் முன் தளம் காய்ந்திருக்க வேண்டும்.

பெயின்டில் பட்ட ரப்பர் பால் ஈரமாக இருந்தால் தண்ணீரிலேயே போகும். காய்ந்துவிட்டால் நகத்தால் சுரண்டாமல் பெருவிரலால் உருட்டி எடுங்கள், சுருண்டு வந்துவிடும்.

சீட்டில் பூசணம் பிடித்தால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு மூலையில் போட்டு நிறம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் துடைத்து, கதவைத் திறந்து வெயிலில் நிறுத்துங்கள். பளபளப்புக்காகச் சிலிக்கான் எண்ணெயை ஸ்டியரிங்கிலும் பெடலிலும் பூச வேண்டாம், மழையில் கால் வழுக்கும்.

நாகர்கோவிலிலிருந்து, கையேட்டுத் தொகுப்பாளர்

ஆசான், சார், எல்லாருக்கும் நன்றி. 'அடிப்புறப் பூச்சு', 'அடிப்புறக்காப்பு', 'பொந்துக்காப்பு', 'மெழுகுக்காப்பு' நான்கும் கையேட்டில் ஏறுகின்றன. உட்புறத்துக்குத் தனிச்சொல் இல்லை. அந்தப் பகுதியின் தலைப்பு 'தண்ணீர் தங்காமல்' என்று மாறுகிறது.

குளச்சல் அண்ணாச்சி சொன்ன, திரும்ப வராத பிரச்சினைக்காக, கதவின் உள்விளிம்பில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டும் அச்சிடுகிறோம். வாசகம் இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

அடிப்புறக்காப்பு சாத்திய நாள்: ........
களைந்து, திரும்பச் சாத்த வேண்டிய நாள்: ........
பொந்துக்காப்பு போட்ட இடங்கள்: ........
திறந்திருக்கிறது என்று பார்த்த வடிதுளைகள், இடம் ...... வலம் ......