பிரிஷ்டினாவில் கையசைக்கும் கிளின்டன்: உங்கள் ஊரில் அவர் யார்?

பேர்ன், சுவிட்சர்லாந்து

1989இல் சுவிஸ் வந்து இறங்கியவனுக்குக் கிடைத்த முதல் வேலை கோப்பை கழுவுவது. சில வருடங்களில் அதே குசினிக்கு ஒரு கொசோவோக்காரர் வந்து சேர்ந்தார். அவருக்கு அல்பேனிய மொழி, எனக்குத் தமிழ். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன்தான், அதிலேயே எங்கள் சிநேகம் இத்தனை காலம் ஓடிவிட்டது. இந்த நாட்டில் எத்தனையோ உணவகங்களில் தமிழரும் கொசோவோ அல்பேனியரும் தோளோடு தோள் நின்று வெங்காயம் வெட்டியிருக்கிறோம். வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கு இது புதுமையாக இருக்கலாம்.

2013 கோடையில் மகளின் கல்யாணத்துக்கு என்னையும் கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெரிய சாலைக்கே பில் கிளின்டனின் பெயர். அந்தச் சாலையோரம், பழைய அடுக்குமாடிகளுக்கு முன்னால், பத்தடிக்கு மேல் உயரமாக அவரே சிலையாக நிற்கிறார். ஒரு கையை உயர்த்தி அசைக்கிறார். மறு கையில் இருக்கும் கோப்பில் ஒரு தேதி: 1999 மார்ச் 24. கொசோவோ அல்பேனியரை ஒடுக்கிய செர்பியாமீது நேட்டோ விமானங்கள் குண்டு போடத் தொடங்கிய நாள். 2009 நவம்பரில் சிலையைத் திறந்தபோது கிளின்டனே நேரில் வந்திருந்தார். முகச்சாயல் அவ்வளவாகப் பொருந்தவில்லை. நம் ஊர்ச் சந்திகளில் நிற்கும் தலைவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி 'ஹிலாரி' என்று பெயர் வைத்த பெண்கள் துணிக்கடை. ஜார்ஜ் புஷ்ஷுக்கும் ஒரு சாலை உண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நண்பர் சிரிக்கவில்லை.

ஏன் என்று அன்று மாலை அவருடைய அம்மாவிடம் உட்கார்ந்தபோது விளங்கியது. முற்றத்தில் ஃப்லியா சுட்டுக்கொண்டிருந்தார்கள். கரைத்த மாவை மெல்லிய வரிகளாக ஊற்றி, தணல் ஏற்றிய மூடியால் மூடி, வெந்ததும் அடுத்த வரி, அதன்மேல் அடுத்தது என்று அரை நாள் எடுத்துச் சுடும் பலகாரம். அம்மா பேசப் பேச நண்பர் மொழிபெயர்த்தார். 1999 வசந்தத்தில் முகமூடிக்காரர்கள் வந்து ஐந்து நிமிடம் தந்தார்களாம். ரயில் நிலையம் வரை நடை, பிறகு மூச்சுவிட இடமில்லாத பெட்டியில் மாசிடோனிய எல்லைவரை பயணம். இறங்கியதும் தண்டவாளத்தை விட்டு விலகாதீர்கள், இரு பக்கமும் கண்ணிவெடி என்றார்கள். ஒரு கால் செருப்போடு தண்டவாளக் கட்டைகளை எண்ணிக்கொண்டே எல்லையைக் கடந்தேன் என்றார். அந்த மாதங்களில் இப்படித் துரத்தப்பட்டவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். ஜூனில் நேட்டோ படை உள்ளே நுழைந்தது, அம்மாவும் வீடு திரும்பினார். எழுபத்தெட்டு நாள் குண்டுவீச்சில் தன் ஆட்களும் செத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அகதிகள் போன வண்டித்தொடரைத் தவறுதலாக அடித்ததைக்கூட அவரே சொன்னார். ஆனாலும் சிலைக்கு முன்னால் போகும்போதெல்லாம் அவர் தலையை ஆட்டிவிட்டுத்தான் போவாராம், தெரிந்த மனிதருக்கு வணக்கம் சொல்வதுபோல.

பிறகு என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு யார் வந்தார்கள்?"

அந்தக் கேள்வியை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். 1997 அக்டோபரில் புலிகளைப் பயங்கரவாத அமைப்பு என்று பட்டியலிட்டது இதே கிளின்டன் அரசாங்கம். 1998 பிப்ரவரியில் அதே அரசாங்கத்தின் தூதர் ஒருவர் கொசோவோ விடுதலைப் படையையும் பயங்கரவாதிகள் என்றுதான் சொன்னார். அந்தச் சொல் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 2008இல் கொசோவோ தனிநாடு என்று அறிவித்தபோது இலங்கை அரசு உடனே கவலை தெரிவித்து அறிக்கை விட்டது. அன்று எங்கள் குசினியில் நண்பர் கேக் வெட்டினார், நானும் ஒரு துண்டு தின்றேன், மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டபடி. அடுத்த வருடம் ஜெனீவாவில் ஐ.நா. வாசலில் பதாகையோடு நின்றோம். மே 13 அன்று ஒபாமா பேசினார்: புலிகள் ஆயுதத்தைக் கீழே வைக்கட்டும், அரசு ஷெல் அடிப்பதை நிறுத்தட்டும் என்று. ஐந்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அமெரிக்கத் தலைவர்களை மற்ற நாட்டு மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நேரில் கண்டவர்கள் எழுதுங்கள். தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டது வேண்டாம்.

பெல்கிரேடு, செர்பியா

கோயம்புத்தூர்க்காரன். இயந்திர உதிரிபாகத் தொழில் என்னை நான்கு வருடம் இங்கே கட்டிப்போட்டிருக்கிறது. பேர்ன் அண்ணா சொன்ன அதே 78 நாள்களின் மறுபக்கத்தில் குடியிருக்கிறேன்.

க்னேஸ் மிலோஷ் சாலையில் பழைய ராணுவத் தலைமையகம் பல வருடங்களாகப் பிளந்தபடியே நிற்கிறது. செங்கல் நிறச் சுவர், தொங்கும் கான்கிரீட், துருப்பிடித்த கம்பிகள். எதிரே டிராபிக் சிக்னலில் தினமும் காரை நிறுத்தி அதைப் பார்ப்பேன். 2024இல் டிரம்பின் மருமகன் நிறுவனம் அந்த இடத்தில் சொகுசு ஹோட்டல் கட்ட ஒப்பந்தம் போட்டது. ஊரே தெருவுக்கு வந்தது. குண்டு போட்டவர்களே வந்து அறை வாடகையும் வாங்குவார்களா என்று என் வீட்டுக்கார அம்மாள் கேட்டார்.

அந்த அம்மாள் லேசுப்பட்டவர் அல்ல. போர்க்கால அதிபர் மிலோஷெவிச்சுக்கு எதிராக 2000 அக்டோபரில் நாடாளுமன்ற வாசலில் நின்றவர். "அவனை நாங்கள் இறக்கினோம், கிளின்டன் இறக்கவில்லை" என்பார். ஒருநாள் தாஷ்மைதான் பூங்காவுக்கு அழைத்துப்போனார். பக்கத்தில் அரசுத் தொலைக்காட்சி நிலையம். 1999 ஏப்ரல் 23 அதிகாலையில் அதன்மேல் ஏவுகணை விழுந்து பதினாறு ஊழியர்கள் இறந்தார்கள். நினைவுக்கல்லில் அவர்கள் பெயர்களும் ஒரே ஒரு சொல்லும் இருக்கின்றன: ஸாஷ்தோ? ஏன்? அந்தக் கேள்வி அமெரிக்காவுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அம்மாள் திருத்தினார்: அடி விழும் என்று தெரிந்தும் ஊழியர்களை உள்ளேயே இருக்க வைத்த அதிகாரிக்கும் சேர்த்துத்தான். அந்தக் குற்றத்துக்காக நிலையத்தின் இயக்குநர் பிறகு சிறைக்கும் போனார்.

கொசோவோவில் நடந்ததைப் பற்றி அவரிடம் கேட்டேன். பேச்சை மாற்றினார். மறுபடி கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார்.

கேலிக்கும் குறைவில்லை. ரேடாரில் சிக்காது என்று சொன்ன அமெரிக்க விமானத்தைப் போர் தொடங்கிய நான்காம் நாளே சுட்டு வீழ்த்திவிட்டார்கள். 'மன்னிக்கவும், அது கண்ணுக்குத் தெரியாத விமானம் என்று எங்களுக்குத் தெரியாது' என்ற அட்டை அப்போது ஊரெல்லாம் சுற்றியதாம். இப்போதும் நினைவுப்பொருள் கடைகளில் கிடைக்கிறது.

பின் ஸூவாங், வியட்நாம்

ஆம்பூர். தோல் பதனிடும் தொழில். எங்கள் பக்கத்து ஆள்கள் இங்கே நிறைய.

நாம் வியட்நாம் போர் என்று சொல்வதை இவர்கள் அமெரிக்கப் போர் என்கிறார்கள். யோசித்தால் அதுதானே சரி. ஹோ சி மின் நகரத்தில் ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1975இல் திறந்தபோது அதன் பெயரில் அமெரிக்கரும் கைக்கூலிகளும் செய்த குற்றங்கள் என்றே இருந்தது. 1990இல் அமெரிக்கர் என்ற சொல் போயிற்று. 1995இல் குற்றங்களும் போய், போர் எச்சங்கள் அருங்காட்சியகம் ஆகிவிட்டது. கிளின்டன் இந்த நாட்டுடன் தூதரக உறவை மீட்டதும் அதே 1995. பெயர்ப் பலகையைப் படித்தாலே வெளியுறவுக் கொள்கை தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் படங்களை மட்டும் யாரும் மாற்றவில்லை. அமெரிக்கா போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற ரசாயனம் பாதித்த பிள்ளைகளின் அறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

2000 நவம்பரில் கிளின்டன் வந்தார். போருக்குப் பிறகு வந்த முதல் அமெரிக்க அதிபர். பென் தான் சந்தைக்கு அருகே அவர் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் சாப்பிட்ட கடை அதைச் சொல்லியே பல வருடம் வியாபாரம் செய்தது. ஹனோயில் ஒபாமா 2016இல் பூன் சா என்ற பன்றியிறைச்சி நூடுல்ஸ் சாப்பிட்ட மேசையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலையின் கிடங்குப் பொறுப்பாளருடைய மாமா 1968இல் செத்தவர். வீட்டில் அவர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுகிறார், மகளை டெக்ஸாஸில் படிக்க வைக்கிறார். முரணாக இல்லையா என்று கேட்டேன். சீனாவோடு ஆயிரம் வருடம், பிரான்சோடு நூறு வருடம், அமெரிக்காவோடு இருபதே வருடம் என்று விரல் மடக்கினார். கடைசி விரல் கொஞ்சம்தான் மடங்கியது.

தோஹா

சுருக்கமாக. என்னோடு மருந்துக் கிடங்கில் வேலை செய்யும் சூடான் நண்பர் வடக்கு கார்ட்டூம்காரர். கென்யாவிலும் தான்சானியாவிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டதற்குப் பதிலடி என்று 1998 ஆகஸ்ட் 20 அன்று அங்கிருந்த அல் ஷிஃபா மருந்துத் தொழிற்சாலையை அமெரிக்க ஏவுகணைகள் தரைமட்டமாக்கின. ரசாயன ஆயுதப் பொருள் செய்தார்கள் என்றது வாஷிங்டன். அது கடைசிவரை நிரூபணமாகவில்லை. மறுநாள் நண்பர் போய்ப் பார்த்தபோது இடிபாட்டில் மாத்திரைப் பட்டைகள் சிதறிக் கிடந்தனவாம். மோனிகா லெவின்ஸ்கியுடனான உறவு விவகாரத்தில் கிளின்டன் சாட்சியம் சொல்லி மூன்றே நாள் ஆகியிருந்தது. "அவர் வீட்டுச் சண்டைக்கு எங்கள் ஊர் மலேரியா மாத்திரை" என்பார் நண்பர். பிரிஷ்டினா சிலையின் படத்தைக் காட்டினேன். யார் இது என்றார். சொன்னேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கையில் என்ன வைத்திருக்கிறார் என்று மட்டும் கேட்டார்.

டொராண்டோ

பேர்ன் அண்ணா, எல்லாம் எழுதினீர்கள், அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதை விட்டுவிட்டீர்களே?

பேர்ன், சுவிட்சர்லாந்து

வேண்டுமென்றேதான் விட்டேன் தம்பி. ஜெர்மனில் "ஒருவரும் வரவில்லை" என்றேன். நண்பர் அதை அல்பேனிய மொழியில் சொன்னார். நான் சொன்னது மூன்று சொல், அவர் பேசியது ஒரு நிமிடத்துக்கு மேல். என்ன சேர்த்துச் சொன்னார் என்று இன்றுவரை கேட்கவில்லை. அம்மா என் தட்டைப் பார்த்தார், அதில் ஏற்கனவே இரண்டு துண்டு ஃப்லியா இருந்தது. மூன்றாவதையும் வைத்தார்.